ஐந்தடிப் பாதையின் வெளிச்சம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? இங்கே சிங்கப்பூரில் எல்லாரும் சுகம். ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் கேமராவை மாட்டிக்கொண்டு லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குக் கிளம்பிவிடுகிறேன்.

தீபாவளிக்கு முன்னால் வருவதாகவும், இங்கே எதைப் படம் எடுப்பது என்றும் கேட்டிருந்தாய். மெரினா பே கட்டடங்களுக்கு ஒரு மாலை போதும். மற்ற நாளெல்லாம் என்னோடு, கீழே கடையும் மேலே வீடுமாக வரிசையாய் நிற்கும் பழைய கடைவீடுகளின் கீழே நட.

சிங்கப்பூரை நிறுவிய ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் 1822இல் நகருக்குத் திட்டம் வகுத்தபோது, கடைகளுக்கு முன்னால் கூரையோடு தொடர்ச்சியான நடைபாதை வேண்டும் என்றார். அதுதான் இந்த ஐந்தடிப் பாதை. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கத்தான் போட்டார்கள். ஆனால் படம் எடுப்பவனுக்கு அதைவிட நல்ல ஸ்டூடியோ கிடையாது. நிலநடுக்கோடு பக்கத்தில் என்பதால், ஏழு மணிக்கு எழும் சூரியன் நேராக மேலே ஏறிவிடும். ஒன்பதரைக்கெல்லாம் சாலையில் நிற்பவரின் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். அவரே இரண்டடி உள்ளே வந்தால், சாலையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழுகிறது. உச்சி வெயில் இங்கே ஒரு மணிக்குத்தான். அப்போதும் பூக்கட்டும் கைகளை, மல்லிகையின் வெண்மை வெளுத்துப்போகாமல், எடுக்க முடிகிறது.

தேக்கா பக்கம் கெர்பாவ் சாலையில், சீன வணிகர் டான் டெங் நியாவின் 1900இல் கட்டிய வீடு இருக்கிறது. அதன் பல வண்ணச் சுவர்முன் நின்று படம் எடுத்துக்கொள்ள எப்போதும் கூட்டம்தான். எடுத்துக்கொள், தப்பில்லை. அப்புறம் பஃபலோ சாலைக்கு நட. அங்கே வாழையிலைக் கட்டு இறக்குகிறவரையும் முருங்கைக்காய் பேரம் பேசும் பாட்டியையும் பார்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் தெரியுமா? லிட்டில் இந்தியாவின் பழைய கட்டடங்களுக்கு 1989 முதல் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. தையல் மெஷினுக்கும் மசாலா அரைக்கும் கடைக்கும் அப்படி எதுவும் இல்லை. பக்கத்திலேயே இருந்த சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டது. தரையில் விரித்த துணிமேல் பழைய கைக்கடிகாரமும் ரேடியோவும் வைத்து விற்றவர்களை இனி அந்த இடத்தில் எடுக்க முடியாது. சுவர் காத்திருக்கும், சேகர். ஆள் காத்திருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் தம்பிகள் விடுப்பில் தேக்கா முழுக்கக் கூடுவார்கள். கேட்காமல் ஒருவரையும் எடுக்காதே. கேட்டால் பெரும்பாலும் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அவர்களுக்கு அனுப்பிவிட வேண்டும். அது அவர்கள் வீட்டுக்குப் போகிற படம்.

சவுத் பிரிட்ஜ் சாலைக்கும் போவோம். 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயிலும், சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்களின் ஜாமே பள்ளிவாசலும் அடுத்தடுத்து நிற்கும் தெரு அது. கோபுரத்தை விட்டுவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களைப் பார். எல்லா ஊர்க்காரர்களும் இருப்பார்கள்.

ஒரே ஒரு 35 மி.மீ. லென்ஸ் போதும், குடையை மறக்காதே. டிக்கெட் போட்டதும் தேதி எழுது. சித்திரை வீதியில் நீ எடுத்த பழைய படங்களையும் கொண்டு வா, இரவில் உட்கார்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
ரவி