சீனியாரிட்டி நம்பர் பத்தி அப்பாவுக்கு ஒரு லெட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா, அம்மாவுக்கு முட்டி வலி இப்போ எப்படி இருக்கு. போன் பண்ணா அஞ்சே நிமிஷத்துல "சரிம்மா, வெச்சிடட்டுமா"ன்னு சொல்லிடறீங்க, நான் சொல்ல வந்தது அப்படியே நின்னுடுது, அதான் டைப் பண்ணி தம்பிக்கு அனுப்பறேன். பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துக் குடுக்கச் சொல்லியிருக்கேன், கண்ணாடி போட்டுக்கிட்டு மெதுவா படிங்க.

வீடு கொலம்பஸ்லதான், ஆனா ப்ளேன் ஓட்டற டியூட்டி சிகாகோல. டியூட்டிக்கு முந்தின நாளே ஏதாவது ஒரு ப்ளைட்ல காக்பிட்ல இருக்கற எக்ஸ்ட்ரா சீட்ல உக்காந்து போயிடணும், அது ஓசிதான், ஆனா இடம் இருந்தாதான். சிகாகோ ஏர்போர்ட் பக்கத்துல ஒரு வீட்டுல எட்டு பேரு சேந்து வாடகை குடுக்கறோம், ரூமுக்கு ரெண்டு அடுக்குக் கட்டில், ஃப்ரிட்ஜ்ல அவங்கவங்க டப்பா மேல அவங்கவங்க பேரு. மொத நாள் உள்ள போனப்பவே எனக்கு ரயில் டிரைவருங்க தங்கற அரக்கோணம் ரன்னிங் ரூம் ஞாபகம்தான் வந்துச்சு, சின்னப் புள்ளைல உங்களுக்கு சாப்பாட்டு கேரியர் எடுத்துக்கிட்டு வந்து ஜன்னல் பக்கம் நின்னு பாப்பேனே, அதே மாதிரி ஒருத்தர் தூங்கறாரு, ஒருத்தர் ஷூவுக்கு பாலிஷ் போடறாரு, ஒருத்தர் வீட்டுக்குப் பேசிக்கிட்டிருக்காரு.

இங்க எல்லாமே சீனியாரிட்டி நம்பர்தான்ப்பா, கம்பெனி லிஸ்ட்ல நாம எத்தனாவது ஆளுங்கறது. கூட்ஸ் டிரைவர், பாசஞ்சர் டிரைவர், மெயில் டிரைவர்னு நீங்க ஏறி வந்தீங்களே, அது மாதிரிதான், இன்னும் கொஞ்சம் கறார். எந்த ஊர்ல டியூட்டி, எந்த ப்ளேன், எப்போ கேப்டன், தேங்க்ஸ்கிவிங்க்கு லீவு கிடைக்குமா, எல்லாம் அந்த ஒரு நம்பர்தான் சொல்லும். நான் இப்போ கோ-பைலட், மாசத்துல பாதி நாள் ரிசர்வ், கூப்பிட்டா போகணும், உங்க பாஷைல ஸ்பேர். கால் பாய் சைக்கிள்ல வந்து கதவைத் தட்டறதுக்குப் பதிலா போன் அடிக்கும், அவ்ளோதான் வித்தியாசம். ஒரு கம்பெனியை விட்டு இன்னொண்ணுக்குப் போனா முப்பது வருஷ கேப்டனா இருந்தாலும் அங்க கடைசி நம்பர்தான். ஈரோட்டுலேர்ந்து பாட்டிக்காக ஓன் ரிக்வெஸ்ட்ல, நீங்களே மாத்தல் கேட்டு, அரக்கோணம் வந்து அசிஸ்டென்ட் டிரைவர் லிஸ்ட்ல கடைசிக்குப் போனீங்களே, அதை இங்க ஒவ்வொருத்தரும் பயந்துக்கிட்டே இருக்காங்க.

சரி விஷயத்துக்கு வரேன். எங்க கம்பெனிக்கு ஒரு தங்கச்சி கம்பெனி இருக்கு. முதலாளி ஒருத்தரே, ரெண்டுலயும் ஓட்டறது அதே 76 சீட் ப்ளேன்தான், ரெண்டும் பெரிய ஏர்லைன் பேரைப் போட்டுக்கிட்டுதான் பறக்குது. ஆனா பைலட் லிஸ்ட் தனித்தனி. அவங்களுக்கு யூனியன் இருக்கு, எங்களுக்கு இல்ல, எங்களுக்கு கம்பெனியே வெச்ச ஒரு கமிட்டிதான். போன வருஷம் சம்பளம் பத்திப் பேசப் போனப்போ "அங்க இதை விடக் கம்மியா ஓட்டறாங்களே, ப்ளேன் எல்லாம் அங்க அனுப்பிடட்டுமா"ன்னு எங்ககிட்ட சொன்னாங்க, அப்புறம் பாத்தா அதே வார்த்தையை அங்கயும் போய்ச் சொல்லியிருக்காங்க, எங்களைக் காட்டி. இதுக்கு இங்க பைலட்டுங்க விப்சாங்கறாங்க, மரம் அறுக்கற ரம்பம் இருக்குல்ல, ரெண்டு பக்கமும் ஆள் பிடிச்சு இழுக்கறது, அது.

இப்போ எங்க ஆளுங்க கொஞ்ச பேரு யூனியன் கொண்டு வரணும்னு கார்டு குடுத்துக்கிட்டிருக்காங்க. இந்த நாட்டுல ரயில்வேக்காக 1926-ல போட்ட சட்டம்தான்ப்பா எங்களுக்கும், 1936-ல ஏர்லைனையும் அதுலயே சேத்துட்டாங்க, ரயில்காரர் பொண்ணு ரயில்வே சட்டத்துலதான் வந்து நிக்கறா பாருங்க. பாதி பைலட்டுங்க கையெழுத்துப் போட்ட கார்டு இருந்தாதான் நேஷனல் மீடியேஷன் போர்டுங்கற அரசாங்க அமைப்பு எலக்‌ஷன் வைக்கும். முன்னாடி எல்லாம் ஓட்டே போடாதவங்களையும் வேணாம்னு சொன்ன கணக்குல சேத்துடுவாங்களாம், 2010-லதான் அதை மாத்தினாங்க, இப்போ விழுந்த ஓட்டுல மெஜாரிட்டி இருந்தா போதும். யூனியன் வந்த உடனே ஸ்ட்ரைக்னு அம்மா பயப்பட வேணாம், அது சுலபத்துல நடக்காது. பேச்சுவார்த்தை, அதுக்கப்புறம் மீடியேஷன்னு போர்டோட சமரசம், இனி முடியாதுன்னு போர்டு விட்டாதான் 30 நாள் கெடு, அதுக்கு மேல ப்ரெசிடென்ட் கூட குறுக்க வரலாம். அப்படியும் நடந்தது உண்டு, 2001-ல காம்ஏர்ங்கற ஏர்லைன் பைலட்டுங்க 89 நாள் ஸ்ட்ரைக்ல நின்னாங்க. அந்தக் கம்பெனியை 2012-ல மூடிட்டாங்க, க்ரூ ரூம்ல யூனியன் வேணாம்கறவங்க மொதல்ல சொல்றது அதைத்தான். ஆனா நடுவுல 11 வருஷம் அது பறந்துக்கிட்டுதான் இருந்துச்சுன்னு இந்தப் பக்கம் உள்ளவங்க சொல்றாங்க.

உண்மையான சண்டை சந்தா காசுக்காக இல்ல. யூனியன் வந்தா அடுத்து ரெண்டு லிஸ்ட்டையும் ஒண்ணாக்கணும்னு பேச்சு வரும், அங்கதான் எல்லாருக்கும் வயித்தைக் கலக்குது. தங்கச்சி கம்பெனில பழைய ஆளுங்க ஜாஸ்தி, சேந்த தேதியை வெச்சு லிஸ்ட் போட்டா நான் கிடுகிடுன்னு கீழ போயிடுவேன், கேப்டன் ஆகறது மூணு நாலு வருஷம் தள்ளிப் போகும். விகிதாச்சாரத்துல போட்டா, அதாவது இங்க நான் நடுவுல இருந்தா அங்கயும் நடுவுலன்னு வெச்சா, எனக்கு நஷ்டம் இல்ல, ஆனா அங்க இருபது வருஷம் ஓட்டினவர் என் பக்கத்துல வந்து நிப்பாரு, அவருக்கு எப்படி இருக்கும்.

இந்த நாட்டுல இதுல குடும்பமே அழிஞ்ச கதை இருக்குப்பா. 2001-ல டிடபிள்யூஏங்கற ஏர்லைனை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் வாங்கினப்போ அந்த பைலட்டுங்கள்ல பாதிக்கு மேல லிஸ்ட்டோட அடியில கொண்டு போய் ஒட்டிட்டாங்க, ஸ்டேப்பிள் பண்றதுன்னே அதுக்குப் பேரு. அந்த வருஷமே செப்டம்பர் 11 வந்துச்சு, ஆள் குறைக்க ஆரம்பிச்சா கடைசிலேர்ந்துதானே குறைப்பாங்க, தலை நரைச்ச கேப்டனுங்க எல்லாம் வேலை இல்லாம வீட்டுக்குப் போனாங்க. அதுக்கப்புறம்தான் 2007-ல மெக்காஸ்கில்-பாண்ட்னு சட்டம் வந்துச்சு, கம்பெனி ஒண்ணானா லிஸ்ட்டை நியாயமா சேக்கணும், ஒத்துப் போகலைன்னா நடுவர்கிட்ட போகணும்னு. ஆனா முதலாளி ரெண்டு கம்பெனியையும் தனித்தனியாவே வெச்சிருந்தா அந்தச் சட்டம் கிட்டக்கூட வராது, எங்க நிலைமை அதுதான்.

இன்னொண்ணு யூஎஸ் ஏர்வேஸ், அமெரிக்கா வெஸ்ட்னு ரெண்டு ஏர்லைன் கதை. 2005-ல சேந்துச்சு, 2007-ல நடுவர் தீர்ப்பு வந்துச்சு. வேலை இல்லாம வீட்டுல இருந்த யூஎஸ் ஏர்வேஸ் பைலட்டுங்களை, 17 வருஷம் முன்னாடி சேந்தவங்களையும் சேத்து, அமெரிக்கா வெஸ்ட்டோட கடைசிப் பையனுக்கும் கீழ போட்டாரு. யூஎஸ் ஏர்வேஸ் ஆளுங்க ஆத்திரத்துல, இருந்த யூனியனையே ஓட்டுப் போட்டுத் தூக்கிட்டு 2008-ல புதுசா ஒண்ணு ஆரம்பிச்சாங்க, கோர்ட்டு கேசுன்னு வருஷக் கணக்கா இழுத்துச்சு, ஒரே பெயிண்ட் அடிச்ச ப்ளேன்ல கிழக்கு ஆளுங்க (யூஎஸ் ஏர்வேஸ்) மேற்கு ஆளுங்க (அமெரிக்கா வெஸ்ட்) சேந்து உக்காராமலே ஓட்டினாங்க. லிஸ்ட் முடிவானது 2016-ல, அதுவும் அமெரிக்கனோட சேந்ததுக்கு அப்புறம். நம்ம ஊர்லயும் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் 2007-ல சேந்துட்டு, 2012-ல ட்ரீம்லைனர்ங்கற புது ப்ளேனுக்கு ட்ரெய்னிங் யாருக்குன்னு 58 நாள் ஸ்ட்ரைக் நடந்துச்சே, நீங்க பேப்பர்ல படிச்சிட்டு "ஒரே ஷெட்டுக்கு ரெண்டு லிஸ்ட் வெச்சா இப்படித்தான்"னு சொன்னீங்க, அப்போ எனக்குப் புரியல.

நான் கார்டை ஒரு மாசமா பைலயே வெச்சிருந்தேன். மனசு மாறினது ஜனவரில. சிகாகோல பனி கொட்டுது, ப்ளேன் மேல மொதல்ல ஆரஞ்சு கலர் சுடுதண்ணி மாதிரி மருந்து அடிப்பாங்க ஐஸ் உருக, அப்புறம் பச்சையா ஒண்ணு, ஜெல்லி மாதிரி, ரெக்கை மேல அது வழியறதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம். அடிச்சு முடிச்சு வரிசைல நின்னா மருந்து தாங்கற நேரம் தாண்டிடுச்சு, திரும்பப் போய் மறுபடி அடிக்கணும். காலைல நாலரைக்கு எழுந்தது, மூணு லெக், அதாவது மூணு ப்ளைட், முடிச்சாச்சு, செக்லிஸ்ட்ல ஒரே வரியை நான் ரெண்டு தடவை படிக்கறேன், ரெண்டாவது தடவை படிக்கறேன்னே எனக்குத் தெரியல, கேப்டன்தான் சொன்னாரு. அடுத்த லெக் என்னால முடியாது, அசதின்னு சொல்லிட்டேன். சட்டப்படி அது என் உரிமை, சொல்லலைன்னாதான் தப்பு.

மறுநாள் ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. மேசைக்கு அந்தப் பக்கம் மூணு பேரு, இந்தப் பக்கம் நான் ஒருத்தி. யாரும் கத்தல, மரியாதையாத்தான் பேசினாங்க, ஆனா "முந்தின நாள் ராத்திரி என்ன பண்ணீங்க, எத்தனை மணிக்குப் படுத்தீங்க, ஏன் சிகாகோலயே குடி வரக்கூடாது"ன்னு முக்கால் மணி நேரம். என் பக்கத்துல ஒரு காலி நாற்காலி இருந்துச்சு. தங்கச்சி கம்பெனில அந்த நாற்காலில யூனியன் ஆள் உக்காந்திருப்பாரு.

எனக்கு அப்போ சேகர் மாமா ஞாபகம் வந்துச்சுப்பா. நீங்க சிக்னலைத் தாண்டிட்டீங்கன்னு எஸ்.எஃப். 5, அந்தக் குற்றச்சாட்டு நோட்டீஸ், குடுத்தப்போ, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் நம்ம திண்ணைல உக்காந்து ஸ்பீடோமீட்டர் சார்ட்டை லென்ஸ் வெச்சுப் பாத்தாரே. விசாரணைல உங்க பக்கத்துல டிஃபன்ஸுக்கு அவர்தானே உக்காந்தாரு. அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டீங்க.

அவரு லிஸ்ட்ல உங்களுக்கு மேலயா கீழயான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

கார்டுல கையெழுத்துப் போட்டு, என் கையாலயே தேதி எழுதி, போன செவ்வாய்க்கிழமை போஸ்ட் பண்ணிட்டேன். மாப்பிள்ளைகிட்டயும் சொல்லிட்டேன், கேப்டன் சம்பளத்தை நம்பி வீட்டு லோன் கணக்குப் போட்டு வெச்சிருந்தாரு, ஒரு நாள் முழுக்கப் பேசல, அப்புறம் "சரி, ரெண்டு வருஷம் பழைய காரையே ஓட்டலாம்"னாரு. ரெண்டு லிஸ்ட்டும் ஒண்ணாகி நான் கீழ போனா போறேன், அந்த பயத்தை வெச்சுத்தான் எங்க ரெண்டு பக்கத்தையும் இத்தனை வருஷம் இழுத்திருக்காங்க.

ஒண்ணு மட்டும் கேக்கணும். அரக்கோணத்துல மொத தடவை போர்டுல லிஸ்ட் ஒட்டினப்போ உங்க பேரு கடைசில இருந்துச்சே, உங்களை விட சின்னப் பசங்க எல்லாம் மேல, அன்னிக்கு நீங்க டியூட்டிக்குப் போனீங்களா, அவங்ககூட எப்படிப் பேசினீங்க. அம்மாகிட்ட கேட்டா "அதெல்லாம் எதுக்கு இப்போ"ங்கறா. நீங்க எழுதுங்கப்பா, போன்ல வேணாம்.

மாத்திரை வேளைக்குப் போடுங்க. தம்பி அக்கவுண்ட்ல பணம் போட்டிருக்கேன், அம்மாவை முட்டிக்கு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க.

உங்கள் மகள்