தேனீ அல்ல, ஈ. முழுப் பெயர் இப்போதைக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இயற்கைப் பக்கத்தில் துளசிப் பூவில் அமர்ந்திருந்த பூச்சியைத் ‘தேன் அருந்தும் தேனீ’ என்று போட்டிருந்தீர்கள். அது தேனீ அல்ல, தேனீ போலத் தோன்றிப் பூக்களுக்கு வரும் சிர்ஃபிட் ஈ என்று இந்த இதழில் ஒரு வாசகர் திருத்தியிருக்கிறார். சரியான திருத்தம். அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். செல்பேசிச் செயலியில் காட்டினேன், சொல்லிவிட்டது என்று இரண்டு சொல் கொண்ட அறிவியல் பெயரையும் எழுதிவிட்டார். முதல் சொல் பேரினம், இரண்டாவது அதற்குள் உள்ள சிற்றினம். அந்த இரண்டாவது சொல்தான் என்னை உறுத்துகிறது.

படத்தில் என்ன தெரிகிறது? கண் முழுக்கப் பொடிப்பொடியாகப் பொட்டுகள். உணர்கொம்பு கட்டை. இறக்கை ஒரே ஜோடி. தேனீக்கு இரண்டு ஜோடி உண்டு. இறக்கை நரம்புகளில் ஒன்று பாதி வழியில் ஏணை போலத் தொய்ந்து மறுபடி மேலேறுகிறது. பொட்டுக் கண்ணும் இந்தத் தொய்வும் சேர்ந்தால் எரிஸ்டலினஸ் பேரினம் என்று தைரியமாகச் சொல்லலாம். அதற்குள் எந்தச் சிற்றினம் என்பதற்கு மார்பின் மேற்புறக் கோடுகளும், நெற்றியும், கண் பொட்டுகளின் அமைப்பும் தெரிய வேண்டும். உங்கள் படம் பக்கவாட்டில் எடுத்தது. மேற்புறம் தெரியவே இல்லை. செயலி எதைப் பார்த்துச் சொன்னது?

இதைச் சொல்லும் தகுதி, நானே ஏமாந்ததால் வந்தது. ஓய்வு பெற்றபின் கிளிப் லென்ஸ் ஒன்றைச் செல்பேசியில் மாட்டிக்கொண்டு தோட்டத்தில் அலைகிறேன். (“ஈயைப் படம் பிடிக்கவா ஓய்வு பெற்றீர்கள்?” என்கிறாள் என் மனைவி.) அவரைக் கொடியில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி மொய்த்தால் அங்கே இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ் என்ற சிர்ஃபிட் ஈ வந்து முட்டையிடும்; காலில்லாத அதன் புழு அசுவினியை உறிஞ்சித் தின்னும். 1805-ல் டென்மார்க் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியுஸ் பெயரிட்ட ஈ அது. அன்று டேனியர் வசமிருந்த எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியிலிருந்து கப்பலேறிப் போன பூச்சிகள் பலவற்றுக்கும் அவர்தான் பெயர் வைத்தார் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். அந்தப் பிரியத்தில், மார்பின் ஓரம் மஞ்சள் கோடும் வயிற்றில் மஞ்சள் பட்டையும் கண்ட ஈயையெல்லாம் இரண்டு வருடம் அந்தப் பெயரிலேயே குறித்துவைத்தேன். எல்லாம் மேலிருந்து எடுத்த படங்கள். பிறகு தற்செயலாகப் பக்கவாட்டில் ஒன்று அமைந்தது. உணர்கொம்பின் கடைசிக் கணு இஸ்கியோடானுக்கு நீண்டிருக்கும்; இதற்கோ உருண்டை. ஸ்பேரோபோரியா என்ற வேறு பேரினம்! ஆண் ஈயாக இருந்தால் பின்னங்கால் தொடங்கும் இடத்தில் இஸ்கியோடானுக்கு ஒரு சிறு முள் இருக்கும், அதை வைத்தும் பிரித்திருக்கலாம். பழைய படங்கள் எதிலும் காலும் தெரியவில்லை, கொம்பும் தெரியவில்லை. நோட்டில் பாதிப் பெயர்களை அடித்துவிட்டேன்.

ஸ்பேரோபோரியாவிலும் பெண் ஈ என்றால் பேரினத்தோடு நிற்க வேண்டியதுதான். 280-க்கும் மேற்பட்ட சிர்ஃபிட் இனங்களைப் பதிவு செய்திருக்கும் பிரிட்டனிலேயே அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆணுக்கும் உறுதியாகச் சொல்ல இனவுறுப்பை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். பூவில் உட்கார்ந்த ஈயின் படத்தில் அது எங்கே கிடைக்கும்?

படம் அனுப்புகிறவர்கள் ஒரே ஈயை நான்கைந்து கோணத்தில் எடுக்கட்டும். நேர் மேலே ஒன்று, முகம் பக்கவாட்டில் ஒன்று, பின்னங்கால் தெரிய ஒன்று, வெளிச்சத்துக்கு எதிராக இறக்கை ஒன்று. கடைசிப் படத்தில் இறக்கை நடுவே எந்த நரம்போடும் சேராமல் ஒரு பொய் நரம்பு ஓடுவது தெரியும். சிர்ஃபிட் ஈ என்பதற்கு அதுவே முத்திரை. பெரும்பாலான இனங்களில் ஆணின் கண்கள் உச்சியில் ஒட்டியும் பெண்ணின் கண்கள் விலகியும் இருக்கும். அதை மேலிருந்து எடுத்த படம் சொல்லிவிடும். ஃபிளாஷ் வேண்டாம், மஞ்சள் பட்டை வெளுத்துவிடும். ஈ பறந்துவிட்டால் துரத்தாதீர்கள். அசையாமல் நின்றால் பெரும்பாலும் அதே பூவுக்கே திரும்பும்.

பேரினம் வரைதான் தெரிகிறது என்றால் அதுவரை மட்டும் அச்சிடுங்கள். துளசிப் பூப் படத்தை அனுப்பிய வாசகரிடம் அதே ஈயை மேலிருந்து எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
மயிலாடுதுறை