முதல் துப்பாக்கி

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஆர்கன்சா மாநிலத்து லிட்டில் ராக்கில் வீடு அமைந்ததும் சின்னவளுக்குப் பள்ளிக்கூடம் பிடித்துப்போனதும் படித்து எங்களுக்கெல்லாம் நிம்மதி. அம்மா மினசோட்டா வந்து நான்கு மாதம் ஆகிறது. முழங்கால் வலி பரவாயில்லை. உன்னைப் பற்றி அடிக்கடி கேட்கிறாள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் நண்பர்களோடு இந்த சீசனில் வாத்து வேட்டைக்குப் போகப்போகிறாய், ஒருவர் தன் தாத்தாவின் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தருவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அன்பாகத்தான் தருகிறார், ஆனால் வேண்டாம். அமெரிக்கா முழுவதும் 1991 முதல் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு ஈயக் குண்டுகள், கூடாது. சேற்றில் விழும் ஈயத்தை வாத்துகள் கூழாங்கல் என்று நினைத்து விழுங்கிச் செத்தன, அவற்றைத் தின்ற கழுகுகளும் செத்தன. இப்போது பெரும்பாலும் இரும்பு ரவைதான். அது ஈயத்தைப் போல நசுங்கிக் கொடுக்காது. குழல் முனை இறுக்கமாக இருக்கும் பழைய துப்பாக்கியில் போட்டால் குழலே கெட்டுவிடும்.

வாங்குவதாக இருந்தால் 12 கேஜ் (குழலின் அகல அளவு), 3 அங்குலத் தோட்டா போடுவது, முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றும் பம்ப் வகை. மூன்றரை அங்குலம் வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் முதல் சீசனில் கடைக்காரர் பேச்சைக் கேட்டு மூன்றரை அங்குலம்தான் வாங்கினேன். பத்துத் தோட்டா சுடுவதற்குள் தோள் கன்றிப்போகும். அந்த உதைக்குப் பயந்து, விசையை அழுத்தும் நொடியில் கண் தானாக மூடிக்கொள்ளும். அக்டோபரில் ஒரு பெட்டை மல்லார்ட் வாத்து சிறகொடிந்து சம்பங்கோரைக்குள் விழுந்தது. இரண்டு மணி நேரம் இடுப்பளவுத் தண்ணீரில் தேடினேன். கிடைக்கவில்லை. எங்கோ ஒரு கோரைப் புதருக்குள் அது உயிரோடு கிடந்திருக்கும். அந்த இரவு சாப்பிட முடியவில்லை. அடுத்த வருடமே அந்தத் துப்பாக்கியை விற்றுவிட்டேன்.

உன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. நீ இடது கைக்காரன். காலேஜ் டீமில் உன் இடது கை சுழலை நான் மறக்கவில்லை. ரெமிங்டன் 870 நல்ல துப்பாக்கிதான், 1950 முதல் விற்கிறது. ஆனால் அதன் பாதுகாப்புப் பொத்தான் விசைக்குப் பின்னால், வலது கைக்காரர்களுக்கு வாகாக இருக்கிறது. மாஸ்பெர்க் 500இல் அது மேலே, கட்டை விரல் படும் இடத்தில் இருக்கிறது, எந்தக் கைக்கும் ஒன்றுதான். பிரவுனிங் பிபிஎஸ் கிடைத்தால் இன்னும் நல்லது. சுட்ட தோட்டாக் கூடு கீழ்ப்பக்கமாக விழும், உன் முகத்துக்கு முன்னால் பறக்காது. அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோவில் உதை குறைவு, விலை அதிகம். பம்ப்பே போதும். மிச்சமாகும் பணத்தைத் தோட்டாவில் போடு.

கடையில் கையில் வாங்கியதும், தோட்டா இல்லை என்று நீயே திறந்து பார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்து, கன்னத்தைத் துப்பாக்கியின் பின்கட்டையில் பதித்துவிட்டுக் கண்ணைத் திற. பார்வை குழலின் மேல் நேராக ஓடினால் அது உன் துப்பாக்கி. தலையை அசைத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிடு. விலையையும் பெயரையும் விட இதுதான் எனக்கு முக்கியம்.

நீங்கள் போவது வெள்ளம் நிறைந்த ஓக் காடு என்றால் வாத்துகள் மரங்களுக்கு இடையில் இருபது, முப்பது கெஜத்திலேயே இறங்கும். அதற்கு 26 அங்குலக் குழல் போதும். சோக், அதாவது குழல் முனையின் இறுக்கம், கொஞ்சமே இறுகிய இம்ப்ரூவ்டு சிலிண்டர்; இரும்பு ரவை 3 அல்லது 4ஆம் எண் (எண் கூடினால் ரவை சிறிது). இங்கே எங்கள் திறந்த ஏரிகளில் இன்னும் சற்று இறுக்கமான மாடிஃபைடு சோக்கும் 2ஆம் எண் ரவையும் போடுகிறோம். குழலுக்குக் கீழே தோட்டாக்கள் நிற்கும் மேகசினில் தடுப்புக் குச்சி இருக்கிறதா என்று பார்த்துக்கொள். மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் போக முடியாதபடி இருக்க வேண்டும், அது சட்டம்.

நீ 1968க்குப் பிறகு பிறந்தவன், அதனால் ஆர்கன்சாவில் வேட்டைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். லைசென்ஸோடு டக் ஸ்டாம்பும், அதாவது வாத்து வேட்டைக்கான அரசு வில்லையும், வாங்கு. 1934இல் தொடங்கியது, அதில் வரும் ஒவ்வொரு டாலரிலும் 98 சென்ட் சதுப்பு நிலங்களுக்கே போகிறது. வேடந்தாங்கலில் நாம் பார்த்த ஊசிவால் வாத்து நினைவிருக்கிறதா? அதே இனம் உங்கள் ஊர் நெல்வயலிலும் வந்து இறங்கும். முதல் தடவை பார்த்தபோது நான் சுடாமல் நின்றுவிட்டேன்.

சின்னவள் இருக்கும் வீடு. துப்பாக்கிக்குப் பூட்டு போட்ட பெட்டி, தோட்டாவுக்குத் தனிப் பெட்டி, இரண்டையும் அன்றே வாங்கிவிடு. சீசன் திறக்கும் முன் வானில் எறியும் மண்தட்டைச் சுட்டுப் பழகும் இடத்தில் நான்கைந்து சனிக்கிழமையாவது பழகு.

கடைக்குப் போகும்போது வேட்டைக்குப் போடப்போகும் குளிர் கோட்டையும் எடுத்துப் போ. சட்டையோடு பொருந்துவது கோட்டோடு பொருந்தாது. எது தோளில் சரியாக உட்கார்ந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்