ரோட்ஸ் நகரை நடந்தே பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேக்கத் தீவுகளுக்கான சொகுசுக் கப்பல் பயணம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், ரோட்ஸ் தீவில் இறங்குகிறவர்கள் கப்பலிலேயே முன்பதிவு செய்துகொண்டு பேருந்தில் லிண்டோஸ் செல்வதே நல்லது என்று எழுதப்பட்டிருந்தது. லிண்டோஸ் குன்றின் மீதுள்ள அதீனா கோயிலின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் லிண்டோஸுக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் ஆகும். காலையில் வந்து மாலையில் புறப்படும் கப்பலின் பயணிக்குக் கிடைக்கும் நேரத்தில் பாதி, பேருந்துக்குக் காத்திருப்பதிலும் அதில் உட்கார்ந்திருப்பதிலும் போய்விடும். கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், 1988-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த ஓர் இடைக்கால நகரம், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீள மதிலுக்குள், இன்றும் மக்கள் குடியிருக்கும் ஊராகவே இருக்கிறது.

நடந்து போகிறவர்களிலும் பெரும்பாலோர் மதில் வாயிலுக்குள் நுழைந்ததும் வலப்புறம் திரும்பி, கிறித்தவப் போர்வீரர் அமைப்பான புனித யோவான் சபையின் வீரர்களது தெருவை நோக்கி விரைகிறார்கள். 1309 முதல் 1522 வரை அந்தச் சபைதான் இத்தீவை ஆண்டது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் என்று நாட்டுவாரியாக வீரர்களுக்கென அமைந்த விடுதிகள் அத்தெருவின் இருபுறமும் உள்ளன. தெருவின் கீழ்க்கோடியில் அவர்கள் கட்டிய மருத்துவமனை இன்று தொல்பொருள் அருங்காட்சியகமாகியிருக்கிறது. மாடியில் நோயாளிகள் படுத்திருந்த நீண்ட கூடத்தை மட்டுமாவது பார்த்துவிட வேண்டும். மேல்கோடியில் உள்ள சபைத் தலைவரின் அரண்மனைக்கு அவ்வளவு நேரம் செலவிடத் தேவையில்லை என்பது என் கருத்து. 1856-இல் வெடிமருந்து வெடித்துச் சிதைந்த அக்கட்டடத்தை 1930-களின் பிற்பகுதியில், தீவு தங்கள் ஆட்சியில் இருந்தபோது, இத்தாலியர்கள் எழுப்பிய வடிவத்தில்தான் நாம் காண்கிறோம்.

கப்பல் துறையிலிருந்து வருகிறவர்களுக்கு மிக அருகில் இருப்பதும், பெரும்பாலோர் நின்று பாராமல் கடந்துபோவதும் யூதர் குடியிருப்பே. இக்கடிதத்தை எழுதத் தூண்டியதும் அதுதான். கடற்குதிரைச் சிற்பங்கள் கொண்ட நீரூற்று ஒன்று அங்குள்ள சிறு சதுக்கத்தில் இருக்கிறது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்கள், சில அடி தள்ளி மரநிழலில் நிற்கும் கருங்கல் நினைவுத்தூணின் பக்கம் திரும்புவதே இல்லை. 1492-இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதர்கள் பலர் இங்கு வந்து சேர்ந்து, லடினோ என்னும் தங்கள் ஸ்பானிய வழிமொழியை நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக இத்தெருக்களில் பேசி வாழ்ந்தார்கள். 1944 ஜூலையில் ஜெர்மானியப் படையினர் அவர்களைத் திரட்டி, துறைமுகத்தில் படகுகளில் ஏற்றி ஏதென்ஸை அடுத்த பிரேயஸ் துறைமுகத்துக்கும், அங்கிருந்து ரயிலில் ஆஷ்விட்ஸ் நாஜிக் கொலைமுகாமுக்கும் அனுப்பினார்கள். ரோட்ஸ், கோஸ் ஆகிய இரு தீவுகளையும் சேர்ந்த 1604 பேர் கொல்லப்பட்டதாக அத்தூண் பல மொழிகளில் சொல்கிறது. அப்போது அங்கு துருக்கித் தூதரக அதிகாரியாக இருந்த செலாஹத்தின் உல்குமென், துருக்கியக் குடியுரிமையையும் திருமண உறவையும் காட்டி வாதாடி நாற்பதுக்கும் மேற்பட்டோரை மீட்டார் என்பதையும் இங்கு வருகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

சதுக்கத்தை அடுத்த சந்து ஒன்றில் கஹால் ஷாலோம் தொழுகைக்கூடம் இருக்கிறது. 1577-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதுவே கிரேக்க நாட்டில் இன்றும் வழிபாடு நடக்கும் மிகப் பழைய யூதத் தொழுகைக்கூடம். கறுப்பும் வெள்ளையுமான கடற்கூழாங்கற்களை நெருக்கமாகப் பதித்துக் கோலமிட்டாற்போல் அமைத்த அதன் தரையைக் குனிந்து பார்க்க வேண்டும். முன்பு பெண்கள் அமர்ந்து வழிபட்ட பக்கவாட்டு அறைகள் இன்று அருங்காட்சியகமாக உள்ளன. திருமணப் படங்களும் குடும்பப் படங்களும் சுவரில் வரிசையாக இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபின் அந்தச் சந்துகளில் என்னால் வேகமாக நடக்க இயலவில்லை.

நடைப்பயணத்துக்கு உதவும் சில செய்திகளையும் சேர்க்க விரும்புகிறேன். இதே கூழாங்கற்கள் பழைய நகரின் பல சந்துகளிலும் பதிக்கப்பட்டிருப்பதால், மெல்லிய அடிப்பாகமுள்ள செருப்புடன் நடந்தால் சிறிது நேரத்திலேயே பாதம் வலிக்கத் தொடங்கும். கடைத்தெருவான சோக்ரதூஸ் தெரு நண்பகலில் நெரிசலாகிவிடும். அந்நேரத்தில் மதிலை ஒட்டிய அகழிக்குள் இறங்கிவிடலாம். வறண்ட அகழி அது. 1522-இல் துருக்கிய ஒட்டோமான் சுல்தான் சுலைமானின் படை ஆறு மாதம் முற்றுகையிட்ட மதிலின் முழு உயரமும் அதற்குள் நின்று பார்த்தால்தான் தெரியும். முற்றுகைக் காலத்தை நினைவூட்டும் உருண்டைக் கற்குண்டுகளும் அங்கே கிடக்கின்றன. நுழைவுக் கட்டணம் எதுவும் இல்லை.

கப்பல் நகருக்கு அருகிலேயே நிற்கும் துறைமுகங்களைப் பற்றி இனி எழுதும்போது, எந்த வாயில் வழியாக நுழைவது, எந்தத் தெரு எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் காட்டும் சிறு வரைபடம் ஒன்றையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன். ரோட்ஸுக்கு அப்படி ஒன்று வெளியிடுவதாக இருந்தால், கஹால் ஷாலோம் சனிக்கிழமைகளில் பார்வையாளருக்குத் திறந்திராது என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கோயம்புத்தூர்.