7 பேர் போதும், 40 வீதத்துக்கு என்ன வழி?

ஆசிரியருக்கு,

போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. அங்கே தொழிற்சங்கம் ஏன் வேர்விடவில்லை என்று கேட்டால், “எங்கட சனத்துக்குப் பயம்” என்று சொல்லிவிட்டு எழும்பிவிடுகிறார்கள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பயப்படாதவர்கள் தொடங்கினாலும் ஒழுங்கு தெரியாமல் தொடங்கினால் நடுவழியில் நிற்கவேண்டியதுதான். அந்த ஒழுங்கைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

1935ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஒரு சங்கத்தைப் பதிய 7 உறுப்பினரின் கையொப்பம் போதும். சங்கம் அமைத்து 3 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு யாப்பும் போக வேண்டும். பெயர், முகவரி, நோக்கங்கள், நிர்வாகிகளைத் தெரிவதும் நீக்குவதும் எப்படி, பணம் யார் பொறுப்பில், கணக்குப் பரிசோதனை எப்படி, சங்கத்தைக் கலைப்பது எப்படி என்பவை அதில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நிர்வாகிகளில் குறைந்தது அரைவாசிப்பேர் அந்தத் தொழிலில் உண்மையாக வேலை செய்பவர்களாக இருக்க வேண்டும். மற்ற அரைவாசிக்குள் ஓய்வுபெற்ற ஆசிரியரையோ சட்டத்தரணியையோ சேர்க்கலாம். அதைச் செய்வது நல்லது, ஏனென்றால் அவரை எந்த முதலாளியும் வேலையால் நிறுத்த முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று, இந்த 7 பேரும் ஒரே இடத்தில் வேலை செய்ய வேண்டியதில்லை. அரிசி ஆலை ஒவ்வொன்றிலும் நாலைந்து பேர்தான் நிற்கிறார்கள், எப்படிச் சங்கம் வைப்பது என்று கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு நகரத்து ஆலைத் தொழிலாளர் எல்லாரும் ஒரே சங்கமாகப் பதியலாம். அவர்களுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு வேலைநீக்கத்தைக் கட்டுப்படுத்தும் 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடையாது. ஆனால் ஊழியர் சேமலாப நிதிக்கு அப்படி எந்த எல்லையும் இல்லை. ஒரே ஒருவர் நாட்கூலிக்கு நின்றாலும் முதலாளி 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் கட்ட வேண்டும். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். கையிலே காசைக் கொடுத்துக் கணக்கை முடிக்கும் இடங்களில் சங்கம் முதலில் பிடிக்க வேண்டிய நூல் இதுதான்.

இனிப் பெரிய தொழிற்சாலைக்கு வருவோம். பதிவுப் பத்திரம் கிடைத்துவிட்டால் நிர்வாகம் பேச வந்துதான் ஆகவேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் சேர்க்கப்பட்ட 32அ பிரிவின்படி, எந்தத் தொழிலாளர்களுக்காகச் சங்கம் பேச விரும்புகிறதோ அவர்களில் 40 வீதத்துக்குக் குறையாதோர் அதில் உறுப்பினராக இருந்தால்தான் பேச மறுப்பது குற்றமாகும். 800 பேருக்காகப் பேசுவதென்றால் 320 பேர். சங்கங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஆடைத் தொழிலில் ஆட்கள் நிலையாக நிற்பதில்லை. கலியாணம், பிள்ளை, வெளிநாடு, வேறு கார்மெண்ட்ஸ் என்று போய்க்கொண்டிருப்பார்கள். தை மாதத்து உறுப்பினர் பட்டியல் ஆனிக்குச் செல்லாது. 41 வீதத்தோடு கடிதம் எழுதினால், நிர்வாகம் மறுத்து, தொழில் திணைக்களம் விசாரித்து, சங்கத்தின் பலத்தை அறியும் வாக்கெடுப்புக்கு நாள் குறிப்பதற்குள் அது 33 ஆகியிருக்கும். ஆகவே 55 வீதமாவது சேரும்வரை நிர்வாகத்துக்கு எழுதக்கூடாது என்பது என் கருத்து. அவசரக்காரர் இதைக் கோழைத்தனம் என்பார்கள், சொல்லட்டும். மேன்பவர் எனப்படும் ஆள் வழங்கும் நிறுவனங்கள் மூலம் வருபவர்களையும் முதலிலேயே பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பளம் தருவது வேறு நிறுவனம் என்றால், அவர்கள் உங்கள் உறுப்பினர் அல்ல என்று நிர்வாகம் வாதாடும்.

உறுப்புரிமைப் படிவத்தில் பெயர், அடையாள அட்டை இலக்கம், சேமலாப நிதி இலக்கம், வேலை செய்யும் லைன், திகதி, கையொப்பம் எல்லாம் இருக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தொழிற்சாலைக்கு வெளியே வைக்க வேண்டும். சந்தா எவ்வளவு சிறிதானாலும் மாதாமாதம் பற்றுச்சீட்டோடு வாங்க வேண்டும். சந்தாவைச் சம்பளத்தில் கழிக்கச் சம்மதக் கடிதம் கொடுப்பது வசதிதான், ஆனால் அந்தக் கணமே பெயர்ப்பட்டியல் எச்.ஆர். மேசைக்குப் போய்விடும். ஆட்பலம் சேரும்வரை கையால் வாங்குவதே புத்தி. வேலை முடிந்ததும் கம்பனி பஸ்கள் ஆளுக்கொரு ஊராக ஏற்றிக்கொண்டு போய்விடுவதால், எல்லாரையும் ஓரிடத்தில் கூட்டுவது நடக்காத காரியம். ஒவ்வொரு பஸ் பாதைக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கி ஊரிலேயே சந்திக்க வேண்டும்.

சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையால் நிறுத்துவதையும், சேராமலிருக்க ஆசைகாட்டுவதையும் அதே 32அ பிரிவு தடுக்கிறது. ஆனால் நீதிவான் நீதிமன்றில் வழக்குத் தொடரும் அதிகாரம் தொழில் ஆணையாளர் நாயகத்திடமே இருக்கிறது. பாதிக்கப்பட்டவரோ சங்கமோ நேரே போக முடியாது. ஆகவே வேலைநீக்கத்துக்கு, தொழிலாளி தானே வழக்கிடக்கூடிய தொழில் நியாய சபையையும் நாட வேண்டும், அதுவும் 6 மாதத்துக்குள். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்துவிட்டுப் பதில் பார்த்துக்கொண்டிருந்து நாளைத் தவறவிடக்கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அறைக்குள் கூப்பிட்டு நீட்டும் விலகல் கடிதத்தில் கையொப்பம் வைக்காமலிருப்பது. வைத்துவிட்டால், நிறுத்தப்பட்டதை நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில் விழும்.

“எங்களிடம் ஊழியர் சபை இருக்கிறதே” என்பது அடுத்த பதில். முதலீட்டுச் சபையின் கீழ் வரும் தொழிற்சாலைகளில், தொழிலாளரின் பிரதிநிதிகள் நிர்வாகத்தோடு கூடிப் பேசும் அப்படியொரு சபை உண்டு. சாப்பாடு, பஸ், கழிப்பறை போன்றவற்றில் அதனால் பலனும் உண்டு. ஆனால் அது 1935ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிவானதல்ல. சந்தாவும் இல்லை, சொந்த நிதியும் இல்லை. நிர்வாகத்தின் மண்டபத்தில், நிர்வாகம் தரும் நேரத்தில் கூடுவது. சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. ஊழியர் சபை இருப்பதைக் காட்டி அதை மறுக்க முடியாது.

புதிதாகப் பதிவதா, தேசிய சங்கம் ஒன்றின் கிளையாவதா? முதல் சில ஆண்டுகளுக்குக் கிளையே மேல். பதிவுக்கு அலைய வேண்டியதில்லை, வழக்குப் பேசத் தெரிந்தவர்களும் இருப்பார்கள். ஆனால் சந்தாவில் எத்தனை வீதம் கிளையிலேயே நிற்கும், கடிதங்கள் தமிழில் வருமா என்பதைச் சேரமுன் எழுத்தில் வாங்க வேண்டும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் இயங்கிய காலத்துச் சங்கப் பழக்கம் இந்தத் தலைமுறைக்கு வந்து சேரவில்லை. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 40,000 பேர் வேலை இழந்தார்கள், பிறகு போர் வந்தது. கேட்டுப் பழக வீட்டில் ஆளில்லாதபோது, தெரிந்த அமைப்போடு சேர்ந்து பழகுவதில் குறைவில்லை.

தனியாகப் பதிபவர்கள் வருடாந்தக் கணக்கறிக்கையை மறக்கக்கூடாது. அதை அனுப்பாமல் விட்டு, முதலாளி ஒன்றும் செய்யாமலே பதிவை இழக்கும் சங்கங்கள் உண்டு. தொழில் திணைக்களத்திடமும் ஒரு கோரிக்கை: வன்னியில் நடமாடும் சேவை வைப்பதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். கிழமை நாளில் வைத்தால், வரவேண்டியவர்கள் அந்நேரம் மெஷினுக்கு முன்னால் இருப்பார்கள்.

தொழிற்சங்க ஆலோசகர் ஒருவர்,
வவுனியா.