கலை வட்டத்தின் ஆண்டறிக்கை, 2024/2025

தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோரே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 சித்திரை முதல் 2025 பங்குனி வரை எமது வட்டம் செய்தவற்றை இங்கே சமர்ப்பிக்கிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் எனக்குப் பிறகு வாசிப்பார். அதனால் காசு விபரத்தை நான் தொடவில்லை. ஒரேயொரு விடயத்தில் காசைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். முதலில் சொன்னால் மிச்சத்தை ஒருவரும் கேட்க மாட்டீர்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: நாங்கள் செய்வது இரண்டு வேலை. ஒன்று, கணினியிலும் டப்லெட்டிலும் போனிலும் படம் கீறுவது. மற்றது, மெல்லிய பலகைகளைத் தனித்தனியே வெட்டி, அடுக்கி ஒட்டிச் செய்யும் மரச் சித்திரம். கமக்காரர், ஆசிரியர், கடைக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று கலந்த கூட்டம் இது. படம் கீறிச் சீவிப்பவர் எங்களுக்குள் ஒருவரும் இல்லை.

கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன என்று எழுதினால் பதிவேடே என்னைப் பார்த்துச் சிரிக்கும். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல், நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். அந்த நாட்களில் சனசமூக நிலைய மண்டபம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தேர்தல் முடிந்த கையோடு மழை வந்தது. உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்த வேண்டி வந்த அந்த வாரத்தில், படம் கீறப் போகிறேன் என்று வீட்டில் யார் சொல்ல முடியும்? பிறகு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடு முழுக்க மின்சாரம் போன நாள். எங்கள் கூட்ட நாளும் அதுதான். டப்லெட்காரர்கள் பற்றரி இறங்கும் வரை கீறிவிட்டு வாசற்படியில் வந்து குந்தினார்கள். பலகை வெட்டும் வாள்காரர்கள் மேசையை விறாந்தைக்கு இழுத்துப் போட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். அன்றைக்கு அவர்கள் முகத்தில் தெரிந்த பெருமையைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

டிஜிட்டல் பக்கத்தில் கிரிட்டாதான் இந்த வருடம் எங்கள் பொது மென்பொருள். அது இலவசம். மெதுவாக என்றாலும் சுமாரான மடிக்கணினியிலும் ஓடும், அன்ட்ரொயிட் டப்லெட்டிலும் வேலை செய்யும். போன் மட்டும் வைத்திருக்கும் பிள்ளைகள் ஐபிஸ் பெயின்ட் செயலியில் விரலால் கீறுகிறார்கள். அந்த விரல் வேலையைப் பார்த்தால் பேனா வாங்கித் தரவில்லையே என்று கவலைப்படத் தோன்றாது. ஐபாட் வைத்திருப்பவர் ஒரே ஒருவர். அவர் பாவிக்கும் புரோகிரியேட் ஐபாடிலும் ஐபோனிலும்தான் ஓடும் என்பதால் அவருடைய பாடங்கள் அவரோடே நின்றுவிடுகின்றன.

கண்காட்சிக்கு அச்சடித்தபோதுதான் பலருக்கு அளவு விளங்கியது. ஏ3 தாளில் தெளிவாக விழ வேண்டுமானால் அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 3508க்கு 4961 பிக்சல் வேண்டும். தொடங்கும்போதே இந்த அளவில் தொடங்குங்கள் என்று மல்லாவி மாஸ்டர் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறார். கூட்டத்துக்குக் கூட்டம் யாரோ ஒருவர் போன் திரை அளவில் கீறிக்கொண்டு வருகிறார். போனில் பெரிய அளவு எடுத்தால், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கீறும் அடுக்குகளின் எண்ணிக்கை குறைந்துவிடும் என்பதும் உண்மைதான். அதற்கு மாஸ்டர் காட்டிய வழி, முடிந்த அடுக்குகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, பழைய கோப்பை வேறு பெயரில் பத்திரப்படுத்துவது. இன்னொன்று நிறம். திரையில் பளபளத்த வயல் பச்சை தாளில் வாடிப்போய் வந்தது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சகம் மையால் காட்டுகிறது. சோதனைக்கு ஒரு சிறு தாள் அடித்துப் பார்க்காமல் பெரிதாக அடிக்கக் கொடுக்க வேண்டாம்.

வற்றாப்பளைப் பொங்கலில் கடல்நீரில் விளக்கெரியும் காட்சியைப் பலர் கீறினார்கள். இருட்டுக்கு ஒரு மல்டிப்ளை அடுக்கு, சுடரைச் சுற்றிய வெளிச்சத்துக்கு ஒரு ஸ்கிரீன் அடுக்கு என்று எல்லோரும் ஒரே செய்முறையைப் பிடித்ததில் எல்லா விளக்கும் ஒரே மாதிரி எரிந்தன. ஒரு பரந்தன் அக்கா மட்டும் விளக்கைக் கீறாமல், அதைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் முகத்தில் விழும் வெளிச்சத்தைக் கீறினார். நான் என் வீட்டில் மாட்டக் கேட்ட ஒரே படம் அது. தரமாட்டேன் என்றுவிட்டார்.

இந்த வருடத்தில் நடந்தவற்றில் பதிவில் நிற்க வேண்டியது புதுக்குடியிருப்புப் பக்கத்து ஆச்சி ஒருவரின் வீட்டுப் படம். 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நடந்தவர்களிடம் பழைய அல்பம் ஏது? தான் வாழ்ந்த வீட்டுக்கு ஒரு படம்கூட இல்லை, சொன்னால் கீறித் தருவீர்களா என்று கேட்டு வந்தார். உயர்தரம் படிக்கும் எங்கள் அங்கத்தவப் பிள்ளை ஒருத்தி பக்கத்தில் இருத்தி வைத்துக் கீறத் தொடங்கினாள்.

“கிணறு இந்தப் பக்கம் இல்லைப் பிள்ளை. அடுக்களையால வெளிக்கிட்டா இடக்கைப் பக்கம்.”

“இப்ப சரியோ ஆச்சி?”

“ம்… மாமரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு விடு.”

வீடு ஓர் அடுக்கு, கிணறு ஓர் அடுக்கு, மாமரம் ஓர் அடுக்கு என்று அவள் முதலே பிரித்து வைத்திருந்தாள். அதனால் எதையும் அழிக்காமல் தள்ளித் தள்ளி வைக்க முடிந்தது. கொஞ்ச நேரத்தில் ஆச்சியே திரையில் விரலை வைத்து மரத்தை நகர்த்தப் பழகிவிட்டார். முற்றத்தில் பிள்ளை அழகுக்கென்று பூக்கண்டுகள் வைத்திருந்தாள். “அதில பூக்கண்டு இல்லை. பாய் விரிச்சு மிளகாய் காயப் போட்டிருப்பம்” என்றார் ஆச்சி. பூவை எடுத்துவிட்டு மிளகாய் விரித்தார்கள். பிறகு சிவப்புக் காணாது என்று இன்னும் கொஞ்சம்.

அந்தச் செய்தி பரவி இன்னும் பலர் வந்தார்கள். சிலர் வீட்டை அல்ல, காணாமல் போன பிள்ளையின் முகத்தைக் கீறித் தரச் சொன்னார்கள். இதை நிர்வாக சபை நீண்ட நேரம் பேசியது. வீடு, கடை, பள்ளிக்கூடம், கோயில் என்றால் யாரும் கீறலாம். முகம் என்றால் வயது வந்த அங்கத்தவர் மட்டும், அதுவும் குடும்பத்தில் ஒருவர் கூடவே இருந்து சொன்னால் மட்டும். படிக்கிற பிள்ளைகளின் தலையில் அந்தப் பாரத்தை ஏற்றுவதில்லை. இரண்டுக்கும் காசு வாங்குவதில்லை.

சரி, மரத்துக்கு வருவோம். இணையத்தில் அடுக்குமரம் என்று தேடினால் வருவது பெரும்பாலும் மலை. வரைபடத்தில் ஒரே உயரமான இடங்களை இணைக்கும் உயரக் கோட்டுக்கு ஒரு பலகை வெட்டி அடுக்கினால் மலை எழும்பிவிடும். எங்களிடம் மலை எங்கே இருக்கிறது? வன்னி வரைபடத்தை விரித்தால் உயரக் கோடுகளைத் தேட வேண்டும், குளங்களைத் தேட வேண்டியதில்லை. அதனால் உயரத்தை விட்டுவிட்டுத் தூரத்தை அடுக்கினோம். கூட்டு வேலையாகச் செய்த இரணைமடுக் குளத்துச் சித்திரம் அப்படி வந்ததுதான். பின் பலகை வானம். அதற்கு முன் அலைகரைக் காட்டின் ஓரம், அடுத்தது நீர், அடுத்தது குளக்கட்டும் மிஞ்சிய நீரைத் திறந்துவிடும் வான் கதவும், எல்லாவற்றுக்கும் முன்னால் சட்டம்போலச் சுற்றி வரும் மருத மரக்கிளை. பலகை 3 மில்லிமீற்றர் பிளைவூட். இடையிடையே துண்டுப் பலகையால் முட்டுக் கொடுத்ததில் ஒன்றின் நிழல் மற்றதில் விழுகிறது. அந்த நிழல் இல்லாவிட்டால் ஐந்து பலகை ஒட்டியும் ஒரு பலகைதான் தெரியும்.

நிறத்திலும் இணையக் காணொளிகள் எங்களுக்கு உதவவில்லை. தூரம் நீலமாகும் என்று அவற்றில் சொல்கிறார்கள். சோளகக் காற்றில் எங்கள் தூரம் புழுதி நிறமாகத்தான் இருக்கிறது. பின்னால் போகப் போக வெளிறிய மண் நிறம் கொடுத்தபோதுதான் பார்த்தவர்கள் “இது இரணைமடு” என்றார்கள்.

கொக்குகளின் கதையையும் சொல்ல வேண்டும். எட்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன் வானில் பறக்கும் கொக்குக் கூட்டத்தைக் கிளைப் பலகையில் அழகாகக் கீறி வந்தான். வெட்டி முடித்துத் தூக்கியதும் கொக்குகள் எல்லாம் பொலபொலவென்று தூளுக்குள் விழுந்தன. எதோடும் தொடாத துண்டு பலகையில் நிற்காது. டிஜிட்டல் படத்தில் காற்றில் மிதக்கவிடலாம், மரத்தில் கிளையோடோ கரையோடோ ஒரு முனையாவது ஒட்டியிருக்க வேண்டும். அவன் தூளைக் கிளறிப் பொறுக்கியெடுத்து, பின்னால் உள்ள வானப் பலகையில் ஒட்டினான். முன்பு கீறியதை விட அதுவே நன்றாக அமைந்தது. அதற்குப் பிறகு எல்லோரும் பலகைக்கு உரிய படத்தைத் திரையில் கீறி முடித்ததும் அடுக்குகளை ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்து, எது விழும் என்று கண்டுபிடித்துவிட்டே வாளை எடுக்கிறோம்.

பெயின்ட் பூசாமல் மரத்தின் நிறத்தையே பாவிக்கும் பழக்கம் தச்சு வேலை தெரிந்த பெரியவர் ஒருவரால் வந்தது. மரக்காலைகளில் கழித்துப் போடும் துண்டுகளைச் சீவினால் முதிரையில் பொன் மஞ்சள், பாலையில் கருஞ்சிவப்பு, தேக்கில் பழுப்பு என்று ஒரு நிறப்பெட்டியே கிடைக்கிறது. பாலை வாள் அலகைத் தின்னும். அதை நேர்கோட்டுத் துண்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும், ஆகவே முகக்கவசமும் நீளக் கைச் சட்டையும் வேண்டும். துண்டு வாங்கலாம் என்பதற்காகக் குற்றியாக யாரும் கொண்டுவர வேண்டாம். முதிரை ஏற்றிப் பறிக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். வட்டத்தின் பெயரில் அந்த வம்பு வேண்டாம்.

மெல்லிய அலகு பூட்டிய கைவாளான ஃபிரெட் வாள் பழகுபவர்களுக்கு: அலகின் பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும், கீழே இழுக்கும்போதுதான் அது வெட்டும். கவட்டை வடிவில் வெட்டிய தாங்குபலகையை மேசை ஓரத்தில் பூட்டி, கவட்டைக்கு நடுவே அறுக்க வேண்டும். உள்ளே உள்ள வெட்டுக்கு முதலில் துளை போட்டு, அலகைக் கழற்றி அதற்குள்ளால் விட்டுப் பூட்டுங்கள். திருப்பத்தில் வாளைத் திருப்பாமல் பலகையைத் திருப்புங்கள். அலகு முறியும். முறிந்தால் யாரும் ஏச மாட்டார்கள்.

கார்த்திகை மழையில் சேமித்து வைத்த பலகைகள் பல வளைந்து போயின. சுவரில் சாய்த்து வைத்தவை அத்தனையும் கோணல். தட்டையாகப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றியவை தப்பின. வார்னிஷை முன்பக்கம் மட்டும் பூசிய சித்திரங்களும் வளைந்தன. ஒரு பக்கம் ஈரத்தைக் குடிக்க, மறுபக்கம் குடிக்காததால் வந்த வினை. இரண்டு பக்கமும் பூச வேண்டும் என்பது இப்போது எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது.

நுணுக்கமான வேலைகளை நகரத்தில் லேசர் கடை ஒன்றில் கொடுத்து வெட்டுவித்தோம். வாட்ஸப்பில் சாதாரண படமாக அனுப்பிய கோட்டுப் படம் சுருங்கி ஓரம் கலங்கிப் போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் தன் கணக்குக்கு ஓர் அளவை ஊகித்து வெட்டியும் விட்டார். இங்ஸ்கேப் மென்பொருளில் கோடாக மாற்றி, பெருப்பித்தாலும் ஓரம் கலங்காத எஸ்விஜி கோப்பை டொகியுமென்டாக அனுப்பி, அகலம் எத்தனை மில்லிமீற்றர் என்று பக்கத்தில் எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பலகையின் மேல் காகித டேப் ஒட்டிக் கொடுத்தால் புகைக்கறை படியாது. கூரைக்குப் போட்டு மிஞ்சிய பிவிசி ஷீட்டை வெட்டலாமே என்று ஓர் அங்கத்தவர் கேட்டார். கூடவே கூடாது. லேசரில் பிவிசி எரிந்தால் வரும் ஐதரசன் குளோரைட்டு வாயு நெஞ்சையும் கெடுக்கும், மெசினையும் அரிக்கும்.

இனி அந்தக் காசு விடயம். வட்டமே ஒரு லேசர் மெசின் வாங்க வேண்டும் என்ற பிரேரணை இன்று உங்கள் முன் இருக்கிறது. நிர்வாக சபை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. வாங்கச் சொல்பவர்களின் நியாயம் எனக்கு விளங்குகிறது: பஸ்ஸில் கொடுத்தனுப்பிக் காத்திருக்கும் வேலை மிச்சம், பிள்ளைகளுக்கு நேரே பார்க்கக் கிடைக்கும், கலியாணப் பெயர்ப் பலகைக்கும் கீ டாக்குக்கும் இப்போதே ஆட்கள் கேட்டு வருகிறார்கள், அந்த ஓடர்களால் கடனை அடைத்துவிடலாம். எனக்கு இடிப்பது இந்தக் கடைசி வரிதான். கடனை அடைக்க ஓடர் எடுக்க வேண்டும், ஓடர் எடுத்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அந்த ஆச்சி வந்த நாளில் மேசையில் இரண்டு கலியாணப் பெயர்ப் பலகை முடிக்கக் கிடந்திருந்தால் மாமரத்தை நகர்த்த யாருக்கு நேரம் இருந்திருக்கும்? புகையை வெளியே எடுக்க இந்த மண்டபத்தில் வசதி இல்லை என்பதும் சிறிய விடயம் அல்ல.

என் மாற்று யோசனை: வாள்களும் அலகுகளும் இன்னும் கொஞ்சம் வாங்குவோம், திரை இல்லாத பேனா டப்லெட் ஒன்று பொதுப் பாவனைக்கு வாங்குவோம், லேசர் வேலையை வழமைபோல வெளியில் கொடுப்போம். தனிப்பட உழைக்க விரும்பும் அங்கத்தவர்கள் தாராளமாக வீட்டில் ஓடர் எடுக்கலாம், அது அவரவர் கெட்டித்தனம். வட்டத்தின் பெயரையும் வட்டத்தின் மேசையையும் மட்டும் அதற்குப் பாவிக்க வேண்டாம். கை உயர்த்தி முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்கள். முடிவு எதுவானாலும் பதிவேட்டில் எழுதுவேன்.

வருகிற ஆண்டுக்கு இரண்டு திட்டங்கள். வலசைப் பறவைகள் வரும் காலத்தில் சுண்டிக்குளத்துக்குப் போய் நேரே பார்த்துக் கீறுவது. மற்றது, கையால் வெட்டிய சித்திரங்களுக்கு மட்டும் ஒரு சிறு கண்காட்சி. மண்டபம் தந்த சனசமூக நிலையத்தாருக்கும், துண்டுப் பலகை ஒதுக்கி வைத்த மரக்காலைக்காரருக்கும், கூட்ட நாட்களில் பிளேன்ரீ ஊற்றித் தந்த அம்மாமாருக்கும் வட்டத்தின் நன்றி.

தெரிவுக்கு முன் தேநீர் உண்டு. யன்னல் பக்கத்து மேசையில் ஒட்டிய பலகை இன்னும் காயவில்லை, கோப்பையை அதன்மேல் வைக்க வேண்டாம்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்