கேப்பை பிஸ்கட்

எய்யா,

நேற்று ராத்திரி வீடியோ காலில் நீ பேசிக்கொண்டிருந்தபோது மேசையில் ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் காலியாகக் கிடந்ததைப் பார்த்தேன். ஏசுவதற்காக இதை எழுதவில்லை. உன் வாய் எனக்குத் தெரியாதா? ஐந்து வயதில் தாத்தா உன்னை நெல்லையப்பர் கோயில் பக்கம் கூட்டிப்போய், வாழையிலைத் துண்டில் சூடாக அல்வா வாங்கித் தருவார். நெய் முழங்கை வரை வழியும். அதையும் நக்கிவிட்டுத்தான் வீடு வருவாய். அந்த வாயைக் கட்டு என்று சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அப்பாவுக்குச் சுகர் வந்தது 42 வயதில். உனக்கு இப்போது 29. அதுதான் பயமாக இருக்கிறது.

பாக்கெட்டின் பின்பக்கம் படித்துப் பார். எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட்டிருப்பார்கள். நான் பார்த்த கிரீம் பிஸ்கட்டில் மைதாவும் சீனியும்தான் முன்னால் நிற்கின்றன. தானியப் படம் போட்டு விற்பதையும் அப்படிப் படித்துவிட்டே வாங்கு.

இந்த மாதம் முழுக்க நான் கேப்பை மாவில் பிஸ்கட் போட்டுப் பார்த்தேன். குக்கரில் உப்பைப் பரப்பி, கேஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல் மூடி வேகவைத்தேன். முதல் தடவை கருப்பட்டியைப் பாகாக்கி ஊற்றினேன். மாவு இளகி, அப்பளம் மாதிரி பரந்துவிட்டது. அடுத்த தடவை முழுக்கக் கேப்பையே போட்டேன், எடுக்கும்போதே உதிர்ந்தது. கோதுமையில் இருக்கிற பசை கேப்பையில் கிடையாது. மூன்றாவது தடவைதான் கைக்கு வந்தது.

100 கிராம் கேப்பை மாவை வெறும் சட்டியில் பச்சை வாசம் போக வறுத்து, நன்றாக ஆறவிடு. சூட்டோடு சேர்த்தால் வெண்ணெய் உருகிவிடும். 50 கிராம் கோதுமை மாவு, கால் ஸ்பூன் பேக்கிங் பவுடர், கொஞ்சம் சுக்கும் ஏலக்காயும் அதோடு சலித்துக்கொள். 80 கிராம் கருப்பட்டியைச் சீவிப் பொடித்து, மெல்லிய சல்லடையில் சலி. இதைச் சோம்பல்படாமல் செய், ஒரு மண் துகள் பல்லில் பட்டால் போதும், மொத்தமும் வீண். 80 கிராம் வெண்ணெயில் கருப்பட்டியைக் குழைத்து, மாவைச் சேர்த்து, பால் இரண்டு ஸ்பூன் தெளித்துப் பிசை. வறுத்த நிலக்கடலையை ஒன்றிரண்டாகத் தட்டிப் போடு. 20 உருண்டை வரும். லேசாக அமுக்கி, முன்பே சூடாக்கிய உன் ஓவனில் 170 டிகிரியில் 15 நிமிஷம் வை. கேப்பை முதலிலேயே கருப்பு, நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதே. வெளியே எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று திரும்ப உள்ளே வைத்துவிடாதே. ஆற ஆற மொறுமொறுப்பாகும்.

இன்னொன்று, கருப்பட்டி என்றால் எவ்வளவும் தின்னலாம் என்று இங்கே பாதிப்பேர் நினைக்கிறார்கள். அதுவும் சர்க்கரைதான். சேர்த்த சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தப் பிஸ்கட் ஒன்றில் 4 கிராம் இருக்கிறது. நீ குடிக்கிற மூன்று காபியையும் கணக்கில் சேர். அதனால் ஒரு நாளைக்கு இரண்டு, அதுவும் சாயங்காலம். ராத்திரி லேப்டாப் முன்னால் வேண்டாம்.

உடன்குடி கருப்பட்டி 2 கிலோ ஓலைப்பெட்டியோடு வாங்கி வைத்திருக்கிறேன். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தப் பெயரைச் சொல்லி எதையோ விற்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். இனிப்புக்குப் பின்னால் அந்த லேசான கரிப்பு இருந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் பெங்களூர் வருகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். கேப்பை மாவும் நம் மில்லில் திரித்து வைத்திருக்கிறேன்.

முதல் தட்டை எடுத்ததும் ஒன்றைப் புரட்டிவைத்துப் போட்டோ அனுப்பு. அடி எவ்வளவு சிவந்திருக்கிறது என்று பார்த்து, அடுத்த தட்டுக்கு எத்தனை நிமிஷம் என்று சொல்கிறேன்.

அம்மா
பாளையங்கோட்டை